பேப்பருக்குக் காசு குடுக்கறது யாரு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்கு பதில் சொல்லும்போது, குடியேறி வந்தவங்கள திட்டியே பொழப்பு நடத்தற பிரிட்டிஷ் பேப்பருக்கு கோவமா லெட்டர் போடறத விட அதுல விளம்பரம் குடுக்கற கம்பெனிக்கு ஒரு ஈமெயில் போடறது உருப்படியான வேலைன்னு போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன். அதுக்கு வந்திருக்கற கேள்விங்கள பாத்தா இந்த இதழ் முழுக்க அதுக்கே சரியா இருக்கும் போல. பேர் போட வேண்டாம்னு நெறைய பேர் கேட்டதால யாரு பேரும் போடல, ஊர் மட்டும்.

கேள்வி: எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சொல்வாங்க. எழுதறது பேப்பர்காரன், நீங்க பொம்மை விக்கறவனையும் சோப்பு விக்கறவனையும் போய்க் கேளுங்கறீங்க. இது நியாயமா சார்? – ஈஸ்ட்ஹாம் வாசகி

நியாயமான கேள்விதாங்க. ஆனா எய்தவன், அம்புக்கு நடுவுல அந்த அம்ப வாங்கக் காசு குடுத்தவர்னு ஒருத்தர் இருக்காரு, அவர நாம கண்டுக்கறதே இல்ல.

எய்தவன நேரா கேட்டா என்ன ஆகும்னு ஏற்கனவே பாத்தாச்சு. 2015 ஏப்ரல் 17-ஆம் தேதி 'தி சன்' பேப்பர்ல கேட்டி ஹாப்கின்ஸ்னு ஒரு பத்தி எழுத்தாளர், மத்தியதரைக் கடல்ல படகுல வர்ற ஜனங்கள கரப்பான்பூச்சியோட ஒப்பிட்டு எழுதினாங்க. அது வந்த ரெண்டு நாளுக்குள்ள லிபியாவுலேர்ந்து கிளம்பின ஒரு படகு கவுந்து நூத்துக்கணக்கான பேர் செத்தாங்க. ஐ.நா. மனித உரிமை ஹைகமிஷனரா இருந்த ஸெய்த் ராத் அல் ஹுசைன் நேரடியாவே கண்டிச்சாரு, ருவாண்டாவுல 1994-ல இனப்படுகொலைக்கு முன்னாடி அங்க இருந்த பேப்பரும் ரேடியோவும் இதே பாஷையத்தான் பேசுச்சுன்னு ஞாபகப்படுத்தினாரு. லட்சக்கணக்குல ஜனங்க கையெழுத்துப் போட்டாங்க. இப்ஸோன்னு பேப்பர்காரங்க சேந்து வச்சிருக்கற ஒழுங்குமுறை அமைப்புக்கு புகார் போச்சு. அங்க என்ன பதில் தெரியுமா, பாகுபாடு பத்தின விதி தனி ஆளுக்குத்தான் பொருந்தும், ஒரு கூட்டத்த மொத்தமா சொன்னா பொருந்தாது, அவ்வளவுதான். அதாவது ஒருத்தர பேர் சொல்லி பூச்சின்னா புகார் குடுக்கலாம், ஆயிரக்கணக்கான பேர சேத்து பூச்சின்னா குடுக்க முடியாது. நான் இத முதல்ல படிச்சப்போ எழுத்துப்பிழைன்னுதான் நெனச்சேன்.

தகவல் தப்புன்னு புகார் குடுக்க மட்டும் வழி இருக்கு. பிரிட்டிஷ் முஸ்லிம்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு ஜிகாதிகள் மேல அனுதாபம்னு 2015 நவம்பர்ல அதே பேப்பர் முதல் பக்கத்துல போட்டுச்சு, அது கணிசமா தப்பு வழி காட்டுற செய்தின்னு இப்ஸோ தீர்ப்பு சொன்னது 2016 மார்ச்ல. நாலு மாசம். அந்த முதல் பக்கம் பாத்தவன்ல எத்தன பேர் இத பாத்திருப்பான்?

அதனாலதான் காசு வர்ற பக்கம் பாக்கச் சொன்னேன். பேப்பர் விக்கற விலை ஒரு வருமானம், விளம்பரம் இன்னொரு வருமானம், அவங்க வெப்சைட்டுன்னா பெரும்பாலும் விளம்பரம்தான். எடிட்டருக்கு நம்ம கோவம் ஒரு பொருட்டே இல்ல, சொல்லப்போனா நாம கோவப்பட்டு லிங்க அனுப்பினா அவருக்கு கிளிக்கு. ஆனா பொம்மைக் கம்பெனிக்கு நம்ம கோவம் கண்டிப்பா ஒரு பொருட்டு, ஏன்னா நாளைக்கு கடைல கைய நீட்டி எடுக்கப் போறது நாமதான்.

கேள்வி: இது யாரு ஆரம்பிச்சு வச்சது? லெகோ விஷயம் கேள்விப்பட்டேன், முழுசா சொல்லுங்களேன். – லெஸ்டர்

'ஸ்டாப் ஃபண்டிங் ஹேட்'னு ஒரு பிரச்சாரம், ரிச்சர்ட் வில்சன்னு ஒருத்தர் 2016 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாரு. பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிஞ்ச சூடு, தெருவுல வெறுப்பு சம்பவங்க ஏறிப் போன நேரம். டெய்லி மெயில், தி சன், டெய்லி எக்ஸ்பிரஸ், இந்த மூணுதான் அவங்க குறி. அந்த அக்டோபர்லயே ஐரோப்பிய கவுன்சிலோட இனவெறி எதிர்ப்பு ஆணையம் பிரிட்டன் பத்தின அறிக்கைல சில டேப்ளாய்ட் பேப்பருங்க எழுதற விதத்த கண்டிச்சு வச்சிருந்தாங்க, அதனால இது ஏதோ நாலு பேர் சும்மா கெளப்பி விட்டதுன்னு சொல்ல முடியாது.

லெகோங்கற பொம்மைக் கம்பெனி கதை இப்படி. அப்ப பேப்பர்காரங்க முதல் பக்கத்துல மேலாப்புல ஒரு பட்டை ஓட்டுவாங்க, 'உள்ள கூப்பன் இருக்கு, பொம்மை இலவசம்'னு, மஞ்சளும் செவப்புமா, சின்னப் புள்ள ஒண்ணு சிரிக்கற மாதிரி. அந்தப் பட்டைக்கு நேர் கீழ, கட்டை விரல் மொத்தத்துக்கு கருப்பு எழுத்துல, குடியேறிகள் பத்தின தலைப்பு. ரெண்டையும் ஒரே பக்கத்துல வச்சு கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தா வயித்த என்னமோ பண்ணும். புள்ளைக்கு பொம்மை வேணும்னா அப்பா அந்த பேப்பர காசு குடுத்து வாங்கணும், அதுதானே கூப்பனோட வேலையே. ஒரு அப்பா அதப்பத்தி லெகோவுக்கு ஒரு லெட்டர் எழுதி ஃபேஸ்புக்ல போட்டாரு, அது பரவுச்சு, 2016 நவம்பர்ல லெகோ டெய்லி மெயிலோட இருந்த அந்த ஏற்பாடு முடிஞ்சுது, இனிமே செய்யற திட்டம் இல்லன்னு ட்விட்டர்ல சொல்லிட்டாங்க. அதுல கவனிக்க வேண்டியது, எழுதினவர் அரசியல் ஆள் கிடையாது, புள்ளைக்கு அந்த பொம்மைய வாங்கித் தந்துக்கிட்டிருந்த வாடிக்கையாளர்.

அடுத்த வருஷம் பேப்பர்சேஸ். கிஃப்ட் காகிதம், வாழ்த்து அட்டை வித்துக்கிட்டிருந்த கடை. 2017 நவம்பர்ல டெய்லி மெயில்ல கூப்பன் போட்டு ரெண்டு சுருள் காகிதம் இலவசம்னாங்க, சனிக்கிழமை ஆரம்பிச்ச சத்தம் திங்கக்கிழமைக்குள்ள மன்னிப்புல வந்து நின்னுது, இனி எப்பவும் பண்ண மாட்டோம்னு சொன்னாங்க. மெயில் பேப்பருக்கு கடுங்கோவம். தீவிர இடதுசாரி ட்ரோல்கள் மெரட்டினதுக்கு ஒரு கம்பெனி பணிஞ்சு போச்சேன்னு அறிக்கை விட்டாங்க.

எல்லாரும் இப்படி இறங்கி வரல, அதையும் சொல்லிடணும். ஜான் லூயிஸ் கடைக்காரங்க ஒரு பேப்பரோட கருத்த வச்சு நாங்க விளம்பரத்த முடிவு பண்றதில்லன்னு சொல்லிட்டாங்க. கோ-ஆப் சூப்பர்மார்க்கெட்காரங்க யோசிக்கறோம்னு சொல்லி ஜனங்கள ஆசையா காத்திருக்க வச்சுட்டு அப்புறம் தொடர்ந்து விளம்பரம் குடுக்கறதா முடிவு பண்ணாங்க. தன்ன உறுப்பினர்களோட கூட்டுறவுன்னு சொல்லிக்கற அமைப்பு அது, அதான் எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம் ஜாஸ்தி.

கேள்வி: பிடிக்காத பேப்பரோட வயித்துல அடிக்கறது பத்திரிகை சுதந்திரத்துக்கு எதிரானது இல்லையா? நாளைக்கு நமக்கு பிடிச்ச பேப்பருக்கும் இதே ஆயுதத்த எடுப்பாங்களே. – கிராய்டன்

எடுப்பாங்க. எடுத்தும் இருக்காங்க. 2016 நவம்பர்ல கெல்லாக்ஸ் கம்பெனி அமெரிக்கால பிரைட்பார்ட்ங்கற தீவிர வலதுசாரி வெப்சைட்லேர்ந்து விளம்பரத்த எடுத்தப்போ அந்த வெப்சைட்டே திருப்பி கெல்லாக்ஸ வாங்காதீங்கன்னு தன்னோட வாசகர்கள தூண்டி விட்டுச்சு. அது அவங்க உரிமை. கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிடறதும் சாப்பிடாததும் அவனவன் இஷ்டம்.

உங்க கேள்வில இருக்கற பயம் ஆனா சும்மா தள்ள வேண்டியதில்ல, எனக்கும் அது உண்டு. இதுக்கு ஜெர்மன்காரங்க ரெண்டு வழக்குல நல்லா கோடு போட்டிருக்காங்க. நாஜி காலத்துல யூத வெறுப்பு படம் எடுத்த டைரக்டர் ஃபைட் ஹார்லன், போர் முடிஞ்சு புதுசா ஒரு படத்தோட வர்றாரு. அத பாக்காதீங்க, திரையிடாதீங்கன்னு எரிக் லூத்னு ஹாம்பர்க் நகர அதிகாரி ஒருத்தர் கூப்பாடு போட்டாரு, கீழ்க்கோர்ட்ல அவர் தோத்தாரு, 1958-ல அரசியல் சாசன கோர்ட் அது பேச்சு சுதந்திரம்தான்னு சொல்லிருச்சு. சரி, புறக்கணிப்புக்கு கூப்பிடறது எல்லாமே சரியான்னா, அதுவும் இல்ல. ஸ்பிரிங்கர்னு ராட்சச பத்திரிகை கம்பெனி. 'பிளிங்க்ஃபூயர்'னு ஒரு சின்ன பத்திரிகை கிழக்கு ஜெர்மனி ரேடியோ நிகழ்ச்சி நிரல போட்டுச்சுன்னு, இத வித்தா எங்க பேப்பர் உனக்கு வராதுங்கற மாதிரி கடைக்காரங்கள மெரட்டுச்சு. 1969-ல அதே கோர்ட், இது கருத்து இல்லப்பா, உன் பண பலத்த வச்சு அடுத்தவன் வாய அடைக்கறதுன்னு சொல்லி சின்ன பத்திரிகை பக்கம் நின்னுச்சு.

பிரிட்டன் சட்டம் வேற, ஆனா மனசுக்குள்ள அளந்து பாக்க எனக்கு இந்த அளவுகோல் போதும். நான் ஒரு வாடிக்கையாளரா நின்னு ஒரு கடைகிட்ட 'என் காசு அங்க போறது எனக்கு பிடிக்கல'ன்னு சொல்றேன், கடைக்காரர் கேக்கலாம், கேக்காம போகலாம். பேப்பர மூடுன்னு சொல்லல, அரசாங்கத்த கூப்பிடல, அச்சாபீஸ் வாசல்ல மறியல் பண்ணல. எழுதற உரிமை அவங்களுக்கு இருக்கு, அந்த எழுத்துக்கு நான் வாங்கற பிஸ்கட்லேர்ந்து பணம் போகணும்ங்கற உரிமை எந்த சட்டத்துல இருக்கு?

எதிர்ப்பக்கமும் கெட்டிக்காரங்க இருக்காங்க. 2020 செப்டம்பர்ல ஸ்பெக்டேட்டர் பத்திரிகைல வந்த கட்டுரைங்க விஷயமா வந்த புகாருக்கு கோ-ஆப் ட்விட்டர் கணக்குல யாரோ நாங்க அவங்ககிட்ட பேசறோம்னு பதில் போட, பத்திரிகையோட அப்போதைய சேர்மன் ஆண்ட்ரூ நீல் நீங்க பேசவே வேண்டாம், இன்னிலேர்ந்து உங்க விளம்பரத்துக்கு எங்க பத்திரிகைல தடைன்னு சொல்லிட்டாரு. நமக்கு பிடிக்குதோ இல்லையோ, அந்த பதில ரசிக்காம இருக்க முடியல.

கேள்வி: நான் கார்னர் ஷாப் வச்சிருக்கேன், இருவது வருஷமா. காலைல அஞ்சு மணிக்கு பண்டல பிரிச்சு அந்த தலைப்ப நானே அடுக்கறேன். விக்கறத நிறுத்தணுமா? – ஹாரோ

அண்ணே, உங்க கேள்விய நாலு தடவ படிச்சேன். இதுக்கு நான் நிறுத்துங்கன்னு சொன்னா அது சுலபமான வீரம், வாடகை கட்டறது நீங்க.

உங்க கணக்கு எனக்கு கொஞ்சம் தெரியும், சொந்தக்காரர் கடைல ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை நின்னிருக்கேன். பேப்பர்ல நிக்கற லாபம் சில்லறைதான், மொத்த வியாபாரி வேற வண்டிக் கூலின்னு வாரா வாரம் ஒரு தொகை வாங்கிடுவாரு, விக்காதத கட்டி திருப்பி அனுப்பணும், கணக்கு ஒண்ணு கொறஞ்சா போன்ல சண்டை. ஆனா பேப்பர் வாங்க வர்ற தாத்தா பாலும் ரொட்டியும் வாங்கிட்டுப் போவாரு, லாட்டரி சீட்டும். பேப்பர எடுத்தா பேப்பர் மட்டும் போகாது.

ஒரு பெரிய கம்பெனிக்கே இதுல என்ன ஆச்சுன்னு பாருங்க. வர்ஜின் ட்ரெயின்ஸ் பிரிட்டனோட மேற்குக் கடற்கரை வழி ரயில்கள்ல டெய்லி மெயில் விக்கறத நிறுத்திட்டாங்கன்னு 2018 ஜனவரில வெளிய தெரிஞ்சுது, குடியேற்றம் மாதிரி விஷயங்கள்ல அந்த பேப்பர் எடுக்கற நிலை எங்களுக்கு ஒத்து வரலன்னு ஊழியர்களுக்கு குறிப்பே அனுப்பியிருந்தாங்க. ஒரே வாரம், வர்ஜின் முதலாளி ரிச்சர்ட் பிரான்சனே வந்து பயணி என்ன படிக்கணும்னு நாம முடிவு பண்ணக் கூடாதுன்னு சொல்லி திருப்பி வைக்கச் சொல்லிட்டாரு. எனக்கு அதுல பிரான்சன் சொன்னது சரின்னுதான் படுது. விளம்பரத்த எடுக்கறது கம்பெனி தன் காச என்ன பண்ணுதுங்கற விஷயம், விக்காம இருக்கறது வாங்க வந்தவர் கைய தட்டி விடற விஷயம், ரெண்டையும் நான் ஒண்ணா பாக்கல.

லிவர்பூல் வேற கதைம்பீங்க. வேற கதைதான். 1989 ஏப்ரல்ல ஷெஃபீல்டு ஊர் ஹில்ஸ்பரோ மைதானத்துல நெரிசல், லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் 97 பேர் செத்தாங்க, நாலு நாள் கழிச்சு செத்தவங்க மேலயே பழியப் போட்டு தி சன் முதல் பக்கம் போட்டுச்சு. அன்னிலேர்ந்து லிவர்பூல்ல எத்தனையோ கடைல அந்த பேப்பர் கிடையாது, முப்பது வருஷம் தாண்டியாச்சு. ஆனா அங்க கடைக்காரர் தனியா முடிவெடுக்கல, அவர் முன்னாடி நின்ன ஒவ்வொரு ஆளும் வாங்க மாட்டேன்னு நின்னாங்க. உங்க தெருவுல அப்படி ஒரு காத்து இல்லாதப்போ நீங்க மட்டும் தனியா நிக்க வேண்டியதில்ல. வேணும்னா ஒண்ணு பண்ணலாம், எந்த பேப்பர் கண்ணு மட்டத்துல, எது கீழ் தட்டுலங்கறது உங்க கைல இருக்கே. (கம்பெனி ஆள் வந்து தட்டுக்கு காசு குடுத்திருந்தா அந்த ஒப்பந்தத்த ஒரு தடவ பாத்துக்குங்க.)

கேள்வி: வணக்கம் அண்ணை. நான் அகதியா இஞ்ச வந்தனான், என்ர மனுசனும் அப்பிடித்தான். இப்ப அவரே அந்தப் பேப்பரை வாங்கி வாசிச்சுப்போட்டு 'படகில வாறவங்களை நிப்பாட்டத்தான் வேணும்' எண்டு கதைக்கிறார். வீட்டுக்குள்ளயே இப்பிடி எண்டா கொம்பனிக்கு எழுதி என்ன பிரயோசனம்? – லூயிஷம்

அக்கா, உங்க வீட்டுக்காரர் மேல எனக்கு கோவம் வரல. வந்து சேந்தவன் கதவ சாத்தறது எல்லா ரயில் பெட்டிலயும் நடக்கறதுதான். ஆனா அவருக்கு ரெண்டு மூணு விஷயம் ஞாபகப்படுத்துங்க, சண்டை போடாம, டீ குடுக்கும்போது.

1985-ல காமன்வெல்த் நாடுகள்லயே முதல்முதலா விசா வேணும்னு பிரிட்டன் கட்டாயம் போட்டது இலங்கைக்காரங்களுக்கு. யாருக்காக? 83 கலவரத்துக்கு அப்புறம் ஓடி வந்த தமிழருக்காக. 1987 பிப்ரவரில ஹீத்ரோ ஏர்போர்ட்ல அம்பதுக்கு மேல தமிழங்கள திருப்பி அனுப்பப் பாத்தப்போ அவங்க அங்கயே சட்டைய கழட்டி உள்ளாடையோட நின்னு போராடினாங்க, உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அந்த வருஷமே சட்டம் வந்துச்சு, சரியான பயண ஆவணம் இல்லாத ஆள ஏத்திட்டு வந்தா விமானக் கம்பெனிக்கு ஆளுக்கு 1,000 பவுண்ட் அபராதம். அதே வருஷம் ஹார்விச் துறைமுகத்துல 'ஏர்ல் வில்லியம்'னு ஒரு பழைய ஃபெர்ரி கப்பல்ல அகதிகள அடைச்சு வச்சாங்க, உள்ள பெரும்பாலும் நம்ம ஆட்கள். அக்டோபர் புயல்ல அந்த கப்பல் கயிறு அறுந்து போய் தரை தட்டி நின்னுச்சு, அதுக்கப்புறம்தான் எறக்கி விட்டாங்க. 2023-ல போர்ட்லண்ட்ல 'பிபி ஸ்டாக்ஹோம்'னு மிதக்கற தங்குமிடத்துல அகதிகள வச்சாங்களே, அது புது யோசனைன்னு டிவில பேசினப்போ எனக்கு அந்த ஃபெர்ரிதான் ஞாபகம் வந்துச்சு.

இன்னும் பின்னாடி போனா 1938 ஆகஸ்ட்ல டெய்லி மெயில் தலைப்பு, ஜெர்மன் யூதர்கள் இந்த நாட்டுக்குள்ள கொட்டறாங்கன்னு. ஹிட்லர்கிட்டேர்ந்து தப்பி வந்தவங்கள பத்தி! கொட்டறது, வெள்ளம், அலை, எப்பவும் தண்ணி வார்த்தைதான், ஏன்னா தண்ணிக்கு மூஞ்சி கிடையாது, பேர் கிடையாது, அணை கட்டலாம்னு தோணும். அந்த வார்த்தைய யூதருக்கு போட்டாங்க, பின்ன தமிழருக்கு போட்டாங்க, இப்ப சிரியாக்காரருக்கும் ஆப்கன்காரருக்கும் போடறாங்க. உங்க வீட்டுக்காரர் வாசிக்கற வரில ஆள் பேர் மட்டும்தான் மாறியிருக்கு.

கம்பெனிக்கு எழுதி என்ன பிரயோசனம்னா, உங்க வீட்டுக்காரர மாத்தறதுக்கு அது உதவாது. அது வேற வேலை, உங்க வேலை.

கேள்வி: உண்மைய சொல்லுங்க, இதனால ஏதாவது மாறியிருக்கா? இல்ல நாம திருப்திக்கு பண்றதா? – மில்டன் கீன்ஸ்

கொஞ்சம் மாறியிருக்கு, நாம நெனச்ச வழில இல்ல.

விளம்பரம் போனா பேப்பர் என்ன ஆகும்ங்கறதுக்கு பெரிய சாட்சி 2011 ஜூலை. கொலையான ஒரு சின்னப் பொண்ணோட போன் மெசேஜ நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு ஆட்கள் ஒட்டுக்கேட்டது கார்டியன்ல வெளிவந்தது 4-ஆம் தேதி. ஃபோர்டு கார் கம்பெனி முதல்ல விளம்பரத்த எடுத்தாங்க, பின்னாடியே வரிசை. 7-ஆம் தேதி மூடறோம்னு அறிவிப்பு, 10-ஆம் தேதி கடைசி இதழ். 168 வருஷ பேப்பர் ஒரு வாரத்துல. அரசியல், போலீஸ், கோர்ட்டுன்னு வேற நெருக்கடியும் இருந்துச்சு, முழுக்க விளம்பரத்தாலன்னு சொன்னா பொய். ஆனா அந்த வாரம் கம்பெனிங்க ஓடின ஓட்டத்த யாரும் மறக்கல.

எக்ஸ்பிரஸ் கதை பாருங்க. 2018 பிப்ரவரில அந்த குழுமத்த டிரினிட்டி மிரர் 126.7 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினாங்க, புது எடிட்டர் கேரி ஜோன்ஸ் ஏப்ரல்ல நாடாளுமன்றக் குழு முன்னாடி உக்காந்து, எங்க பழைய முதல் பக்கங்கள்ல சிலது அப்பட்டமா புண்படுத்தறதுதான், முஸ்லிம் வெறுப்புக்கு அது தீனி போட்டுச்சுன்னு ஒத்துக்கிட்டாரு. ஒரு எடிட்டர் தன் பேப்பரையே இப்படிச் சொல்லி நான் வேற எங்கயும் கேட்டதில்ல. அது நம்ம ஈமெயிலால நடந்துச்சா? ஓனர் மாறினதால நடந்துச்சு. மார்க்கெட்டுல அந்த பேர் நாறிப் போயிருந்தது புது ஓனருக்கு தெரியாம இருந்திருக்காதுங்கறது என் யூகம், அவ்வளவுதான்.

இது வேலை செய்யாத இடமும் இருக்கு. அமெரிக்கால ஃபாக்ஸ் நியூஸ்ல டக்கர் கார்ல்சன் 2018 டிசம்பர்ல குடியேறி வர்றவங்களால நாடு ஏழையாகுது, அழுக்காகுதுன்னு பேசினாரு. இருபதுக்கு மேல கம்பெனிங்க அவர் நிகழ்ச்சிய விட்டுப் போனாங்க. நிகழ்ச்சி அதுக்கப்புறமும் நாலு வருஷத்துக்கு மேல ஓடுச்சு, 2023 ஏப்ரல்லதான் நின்னுச்சு, அதுவும் வேற காரணத்துக்கு. ஏன்னா அந்த சேனலுக்கு முக்கியமான காசு கேபிள் கட்டணத்துலேர்ந்து வருது, அந்த சேனலையே பாக்காதவன் வீட்டு பில்லுலேர்ந்தும் போகும். விளம்பரக் கொழாய அடைச்சா இன்னொரு கொழா தெறந்து இருக்கு. அதனால எங்க போய் எழுதறதுக்கு முன்னாடியும் இவனுக்கு காசு எந்த கொழாய்ல வருதுன்னு பாத்துட்டு எழுதுங்க.

கேள்வி: பேப்பர் சரி, வெப்சைட்ல? எனக்கு தெரியற விளம்பரம் என் மனைவிக்கு தெரியறதில்ல. யாருகிட்ட புகார் பண்றது? – ரெடிங்

கம்பெனிக்கே தெரியாதுங்க, அதான் வேடிக்கை. நீங்க பக்கத்த தெறக்கற அந்த கண்ணிமைக்கற நேரத்துல உங்க கண்ணு ஏலம் போகுது, நடுவுல நாலஞ்சு தரகு கம்பெனி, ஜெயிச்சவன் விளம்பரம் வந்து உக்காருது. நீங்க நேத்து சூட்கேஸ் தேடினா இன்னிக்கு அகதிய திட்டற கட்டுரை பக்கத்துலயே சூட்கேஸ் சிரிக்கும். 2021 ஜூன்ல ஜிபி நியூஸ்னு வலதுசாரி பக்கம் சாயற டிவி சேனல் ஆரம்பிச்ச வாரத்துல ஐகியா, கோப்பர்பெர்க் மாதிரி சில கம்பெனிங்க விளம்பரத்த நிறுத்தி வச்சாங்க, எங்களுக்கே தெரியாம அங்க போயிருக்குன்னு ஐகியா சொல்லுச்சு. அது டிவிதான், ஆனா வியாதி ஒண்ணுதான், விளம்பரத்த மொத்தமா ஏஜென்சி கைல குடுத்துட்டு எங்க போகுதுன்னு பாக்கறதில்ல.

இதுக்கு வழி கண்டுபிடிச்சது 2016 நவம்பர்ல அமெரிக்கால ஆரம்பிச்ச 'ஸ்லீப்பிங் ஜயண்ட்ஸ்'. மேட் ரிவிட்ஸ், நந்தினி ஜம்மின்னு ரெண்டு பேர், ரெண்டு பேருமே விளம்பர, மார்க்கெட்டிங் உலகத்து ஆட்கள், அதனால ஓட்டை எங்க இருக்குன்னு தெரியும். பிரைட்பார்ட் பக்கத்துல விளம்பரம் தெரிஞ்சா ஸ்க்ரீன்ஷாட் எடு, கம்பெனிய டேக் பண்ணி 'இது தெரியுமா உங்களுக்கு'ன்னு மரியாதையா கேளு, தடைப் பட்டியல்ல அந்த சைட்ட எப்படி சேக்கறதுன்னும் சொல்லு. அவ்வளவுதான் முறை. திட்டல, மெரட்டல, ஆயிரக்கணக்கான கம்பெனி வெளிய வந்துச்சு.

ஆனா கம்பெனிங்க ஒண்ணா சேந்து முடிவெடுத்தா இப்ப வம்பு. விளம்பரதாரர்கள் சேந்து 'கார்ம்'னு ஒரு அமைப்பு வச்சிருந்தாங்க, 2024 ஆகஸ்ட்ல எலான் மஸ்கோட எக்ஸ் கம்பெனி கூட்டு சேந்து எங்கள புறக்கணிச்சாங்கன்னு டெக்சாஸ்ல வழக்கு போட்டுச்சு, ரெண்டே நாள்ல அமைப்ப கலைக்கறோம்னுட்டாங்க. அதனால வாடிக்கையாளர் தனித்தனியா கேக்கறதுக்கு இப்ப மவுசு கூடியிருக்குன்னு வச்சுக்குங்க.

கேள்வி: சரி எழுதறேன். என்ன எழுத? – வெம்ப்ளி வாசகி

நான் பண்ண தப்ப சொல்றேன், அத பண்ணாதீங்க. ஒரு பெரிய துணிக்கடை, நான் வருஷக்கணக்கா சட்டை வாங்கற இடம். அவங்க முழுப்பக்க விளம்பரம் எதிர்ப்பக்கத்துல, இந்தப்பக்கம் படகு ஜனங்கள பத்தி கேவலமா ஒரு கட்டுரை. ரத்தம் சூடாகி ராத்திரி பதினோரு மணிக்கு ரெண்டு பக்கம் எழுதினேன், ஏகாதிபத்தியம் வரைக்கும் போயிட்டேன். வந்த பதில் மூணு வரி, பலதரப்பட்ட வாடிக்கையாளர்கள சென்றடைய பலதரப்பட்ட ஊடகங்கள பயன்படுத்தறோம், உங்க கருத்துக்கு நன்றி. எனக்கு மட்டும் இல்ல, எழுதின எல்லாருக்கும் அதே மூணு வரிதான்னு அப்புறம் தெரிஞ்சுது.

ரெண்டாவது தடவ பக்கத்த போட்டோ எடுத்தேன், விளம்பரமும் கட்டுரையும் ஒரே படத்துல தெரியற மாதிரி. தேதி, பக்க எண், என் லாயல்டி கார்டு நம்பர், கடைசியா எப்ப என்ன வாங்கினேன், 'நீங்க இந்த கட்டுரைய பாத்துட்டுதான் இடம் வாங்கினீங்களா?'ன்னு ஒரே கேள்வி. மொத்தம் ஏழு வரி. இந்த தடவ ஒரு மனுஷி பதில் எழுதினாங்க, பேரோட. மார்க்கெட்டிங் ஆளுங்களுக்கு போட்டோவ அனுப்பியிருக்கேன்னாங்க. அந்த பேப்பர்ல அப்புறம் ரெண்டு மாசம் அவங்க விளம்பரம் வந்துச்சு, அதுக்கப்புறம் வரல. என்னாலயா, பட்ஜெட் முடிஞ்சுதா, யாரு கண்டா. சட்டை இப்பவும் அங்கதான் வாங்கறேன்.

கவுண்ட்டர்ல நிக்கற பொண்ணுகிட்டயோ போன் எடுக்கற பையன்கிட்டயோ கத்தாதீங்க. அவங்கள்ல பாதி பேர் நம்மள மாதிரி வந்தவங்க வீட்டுப் புள்ளைங்க. அப்புறம், உங்க வாழ்க்கைல வாங்காத கம்பெனிக்கு 'இனிமே வாங்க மாட்டேன்'னு எழுதாதீங்க, அது அவங்களுக்கு உடனே தெரியும்.

கேள்வி: அங்கிள், எங்க தாத்தா குறுக்கெழுத்துக்காக மட்டும் அந்த பேப்பர் வாங்கறாரு. நிறுத்தச் சொல்லலாமா? – ஈலிங், பத்தாம் வகுப்பு

தாத்தாவ விட்டுடும்மா. எண்பது வயசுல காலைல ஒருத்தர் பென்சில சீவிக்கிட்டு உக்காந்தா அது பெரிய விஷயம். குறுக்கெழுத்து தனி புத்தகமாவே கிடைக்குது, பொறந்தநாளைக்கு நாலஞ்சு வாங்கிக் குடு. அதுக்கப்புறமும் அந்த பேப்பரையே கேட்டாருன்னா அவர் படிக்கறது குறுக்கெழுத்து மட்டும் இல்ல.